மலேசியா டூர் போறீங்களா? பர்சும் பத்திரம்... பாஸ்போர்ட்டும் பத்திரம்!

சென்னை:

மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம் என்று 2023 டிசம்பர் 1-ந்தேதி முதல் கதவு திறந்தது. இந்த சலுகை 2026 டிசம்பர் 31-ந்தேதி வரை என்று அறிவிக்கப்பட்டு உள்ளது. ஒரு தடவைக்கு 30 நாள் வரை தங்கலாம்.

அவ்வளவுதான். சென்னை, திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு கூட்டம் கூட்டமாக கிளம்பி விட்டார்கள். 4 மணி நேர பயணம். இறங்கினால் தமிழ் பேசுகிற ஊர். பத்துமலை முருகனை பார்க்கலாம், இரட்டை கோபுரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுக்கலாம். ஆட்டோ ஓட்டுபவர், மெக்கானிக், மளிகை கடைக்காரர், பீடி கம்பெனி ஊழியர் என்று சீட்டு பிடித்த பணத்தில் போய் வருகிறவர்கள் ஏராளம்.

ஆனால் போய் வந்தவர்களிடம் கேட்டால் ஒரே புலம்பல்தான். "டிக்கெட் சீப்பா கிடைச்சுது. ஆனா காசு எங்க போச்சுன்னே தெரியல!"

எங்கே போகிறது என்று பார்ப்போம்.

கிளம்பும் முன்பே தொடங்குது வசூல்

மலேசியா போகிறவர்கள் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை இணையதளத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். போய் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் செய்ய வேண்டும். இதற்கு கட்டணம் ஒரு பைசா கிடையாது.

ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது சில டுபாக்கூர் தளங்கள். பார்ப்பதற்கு அரசாங்க தளம் போலவே இருக்கும். டாலரில் காசு கறந்து விடுவார்கள். சில டிராவல்ஸ்காரர்களும் "விசா சார்ஜ்" என்று சொல்லி இதற்கு பணம் வாங்குகிறார்கள். விசாவே இல்லாத இடத்துக்கு ஏது விசா சார்ஜ்? மலேசிய அரசு தளங்களின் பெயர் 'ஜி.ஓ.வி. டாட் எம்.ஒய்.' என்று முடியும். அதை பார்த்து நீங்களே பூர்த்தி செய்யலாம். பிளஸ்-2 படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் 10 நிமிட வேலை.

பாஸ்போர்ட் காலாவதி ஆக இன்னும் 6 மாதமாவது இருக்கணும். அதையும் இப்போதே எடுத்து பார்த்து விடுங்கள்.

10-ம் வகுப்பு தேறாதவர்களுக்கு இ.சி.ஆர். என்று குறிப்பிட்ட பாஸ்போர்ட் கொடுப்பார்கள். மலேசியா, தாய்லாந்து எல்லாம் இ.சி.ஆர். பட்டியலில் உள்ள நாடுகள்தான். சுற்றுலா போவதற்கு இதனால் தடை இல்லை. வேலைக்கு போனால்தான் குடியேற்ற அனுமதி தேவை. ஆனால் நம்ம ஊர் ஏர்போர்ட்டிலேயே "எதுக்கு போறே?" என்று துருவி துருவி கேட்பார்கள். ரிட்டர்ன் டிக்கெட், ஓட்டல் புக்கிங் இரண்டையும் பேப்பரில் அச்சு எடுத்து கையில் வையுங்கள். செல்போன் சார்ஜ் தீர்ந்து போனால் அதில் இருக்கும் டிக்கெட்டை யாரிடம் காட்டுவது?

மலிவு விமானங்களில் கையில் 7 கிலோ வரைதான் சும்மா கொண்டு போகலாம். அதற்கு மேல் போனால் கவுண்ட்டரில் தீட்டி விடுவார்கள். லக்கேஜ் வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே சேர்த்து போடுங்கள். பவர் பேங்கை பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது, கைப்பையில்தான் வைக்கணும்.

பணம் மாற்றுவதில்தான் பெரிய ஓட்டை

1 ரிங்கிட் 22 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (தினமும் மாறும், போகிற அன்றைய ரேட்டை பாருங்கள்.) நீங்கள் 1,000 ரிங்கிட் வாங்குகிறீர்கள். ஒரு கடையில் 22 ரூபாய் 50 காசு, இன்னொரு கடையில் 24 ரூபாய் 50 காசு என்றால் வித்தியாசம் 2 ஆயிரம் ரூபாய். கோலாலம்பூரில் 2 நாள் சாப்பாட்டு செலவு அது.

அந்த இன்னொரு கடை பெரும்பாலும் ஏர்போர்ட்டில்தான் இருக்கும். எந்த ஊர் ஏர்போர்ட்டாக இருந்தாலும் சரி, அங்கே ரேட் கடிக்கும். பஸ்சுக்கும் ஒரு வேளை சாப்பாட்டுக்கும் மட்டும் அங்கே மாற்றினால் போதும்.

ஊரிலேயே ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணம் மாற்றும் கடையில் வாங்குவது நல்லது. 2, 3 கடைக்கு போன் போட்டு "வாங்குற ரேட் என்ன, கமிஷன், வரி எல்லாம் சேர்த்து கையில எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். 'கமிஷன் இல்லை' என்று போர்டு போட்டிருப்பார்கள். ரேட்டிலேயே அமுக்கி இருப்பார்கள். கடைசியில் கைக்கு வரும் ரிங்கிட்டை வைத்துதான் கணக்கு பார்க்கணும். பில் கட்டாயம் வாங்குங்கள். 50 ஆயிரம் ரூபாய்க்கு கீழ் என்றால் ரொக்கமாக கொடுத்து வாங்கலாம். அதற்கு மேல் போனால் வங்கி மூலமாகத்தான் கொடுக்க முடியும்.

நம்ம ரூபாயையும் கொண்டு போகலாம். ஒருவர் 25 ஆயிரம் ரூபாய் வரை எடுத்து செல்ல அனுமதி உண்டு. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகளில் ரூபாயை வாங்கிக்கொண்டு ரிங்கிட் தரும் கடைகள் இருக்கின்றன. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் கடையில் மாட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கொடுங்கள். ரோட்டில் நின்று "நல்ல ரேட் தாரேன்" என்று கூப்பிடுகிற ஆசாமிகள் பக்கமே போக வேண்டாம். நாலு நோட்டை எண்ணி, நடுவில் ஒன்றை மடித்து இரண்டாக காட்டுகிற கில்லாடிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் சொல்வார்கள். "இங்க என்கிட்ட ரூபாயை கொடுத்துடு, அங்க எங்க ஆளு ரிங்கிட்டா கொடுத்துடுவார்." இதற்கு பெயர்தான் உண்டியல். சட்டப்படி குற்றம். பணம் கிடைக்காவிட்டால் போலீசிலும் சொல்ல முடியாது.

கார்டு தேய்க்கும்போது ஒரு கேள்வி வரும்

2020 அக்டோபருக்கு பிறகு கொடுக்கப்பட்ட ஏ.டி.எம். கார்டுகள் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. வங்கி செயலியில் போய் நீங்கள்தான் ஆன் செய்யணும். அங்கே போய் முழிக்காமல் இங்கேயே செய்து விடுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று குறைந்த தொகையை வைத்து விட்டால் கார்டு தொலைந்தாலும் மொத்தமும் போகாது. ஊருக்கு திரும்பியதும் மறுபடி ஆப் செய்யணும்.

கடையிலோ ஏ.டி.எம்.மிலோ கார்டு போட்டால் மெஷினில் ஒரு கேள்வி வரும். "இந்திய ரூபாயில் கழிக்கவா, ரிங்கிட்டில் கழிக்கவா?" நம்ம ஆட்கள் ரூபாயை பார்த்ததும் பாசத்தில் அதை அமுக்கி விடுகிறார்கள். அங்கேதான் மாட்டுகிறார்கள். ரூபாயில் என்றால் அந்த மெஷின்காரன் வைத்ததுதான் ரேட். 200 ரிங்கிட் பில்லுக்கு 4,400 ரூபாய் ஆக வேண்டியது, 4,700 ரூபாய் என்று வந்து நிற்கும். எப்போதும் ரிங்கிட்டையே அமுக்குங்கள்.

ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் உங்கள் வங்கி தனி கட்டணம் பிடிக்கும். அந்த ஊர் வங்கியும் பிடிக்கலாம். 50, 50 ரிங்கிட்டாக 6 தடவை எடுப்பதற்கு பதில் 300 ரிங்கிட்டாக ஒரே தடவை எடுப்பது லாபம்.

கூகுள் பே, போன் பே இருக்கே என்று வெறுங்கையோடு போகிறவர்களும் உண்டு. யு.பி.ஐ. சிங்கப்பூர், இலங்கை, துபாய் போன்ற இடங்களில் சில கடைகளில் நடக்கிறது. எல்லா கடையிலும் நடக்கும் என்று நம்பி போனால் டீக்கடையில் மாவு ஆட்ட வேண்டியதுதான். கையில் ரொக்கம் இருக்கணும்.

பணத்தை ஒரே பர்சில் வைக்காதீர்கள். அன்றைய செலவுக்கு மட்டும் பர்சில். மீதி, இடுப்பு பையில். இன்னொரு கார்டும் கொஞ்சம் பணமும் ரூமில் பெட்டிக்குள் பூட்டி. குடும்பத்தோடு போனால் வீட்டம்மாவிடம் ஒரு பங்கு. நம்ம பாட்டிகள் சுருக்கு பையில் கொஞ்சம், அரிசி டப்பாவில் கொஞ்சம் என்று வைப்பார்களே, அதே கணக்குதான்.

இறங்கியதும் ஆரம்பம்

இமிகிரேஷன் கவுண்ட்டரில் 3 விஷயம் கேட்பார்கள். எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய், செலவுக்கு பணம் எவ்வளவு? பதில் தடுமாறினால் 'நாட் டு லேண்ட்' என்று முத்திரை குத்தி ஓரமாக உட்கார வைத்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பி விடுவார்கள். டிக்கெட் பணம் அம்போ! "சித்தப்பா வீட்டுல தங்குவேன்" என்றால் சித்தப்பாவின் முகவரியும் போன் நம்பரும் கையில் இருக்கணும்.

ஏர்போர்ட்டில் இருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரெயிலில் போனால் 55 ரிங்கிட். அரை மணி நேரத்தில் போய் விடலாம். அதே இடத்துக்கு பஸ்சில் போனால் ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் ரெயில் கட்டணத்தில் 3-ல் ஒரு பங்கு கூட ஆகாது. 4 பேர் சேர்ந்து போனால் கிராப் டாக்சி கட்டுப்படி ஆகும். ஏறும் முன்பே இவ்வளவு என்று போனில் காட்டி விடும், ரொக்கமாகவும் கொடுக்கலாம். வெளியே வந்ததும் பெட்டியை பிடுங்குகிற மாதிரி வருகிறவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடையை கட்டுங்கள்.

வெளிநாட்டவர் என்றால் ஓட்டலில் ஒரு ரூமுக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017-ல் இருந்து நடைமுறையில் உள்ளது. இணையதளத்தில் காட்டிய வாடகையில் இது சேர்ந்திருக்காது. சில ஓட்டல்களில் முன்பணமும் கேட்பார்கள். ரசீது வாங்கி வைத்தால்தான் காலி செய்யும்போது திரும்ப வரும்.

சாப்பாட்டுக்கு கவலையே வேண்டாம். மாமாக் கடைகள் என்று நம்ம ஊர் ராவுத்தர் வழி வந்தவர்களின் கடைகள் தெருவுக்கு தெரு இருக்கின்றன. பல கடைகள் ராத்திரி முழுக்க திறந்திருக்கும். ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் சாப்பிட்டால் காலை பொழுது ஓடிவிடும். தே தாரிக் என்பது நம்ம ஆத்துன டீதான், கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் இனிப்பு. சாப்பிட உட்காரும் முன் விலைப்பட்டியலை பார்த்து விடுங்கள். விலை போடாத மீனை கை காட்டினால் பில் வரும்போது நெஞ்சு அடைக்கும்.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலில் இருந்து நேராக ரெயில் இருக்கிறது. சில ரிங்கிட்தான். 272 படி ஏறி முருகனை கும்பிட காசு கிடையாது. "பத்துமலை டூர்" என்று தலைக்கு 80, 100 ரிங்கிட் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். படியில் குரங்குகள் ஜாஸ்தி. கையில் வாழைப்பழமோ பிளாஸ்டிக் பையோ இருந்தால் லபக் என்று பிடுங்கி விடும்.

குரங்கை விட ஆபத்து மோட்டார் சைக்கிள். பைக்கில் வந்து பையை அறுத்துக்கொண்டு பறக்கும் கும்பல் கோலாலம்பூரிலும் உண்டு. ரோட்டை ஒட்டிய தோளில் பை மாட்டாதீர்கள். பெண்கள் தாலி சங்கிலியை சுடிதாருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. சும்மா சுற்றி பார்க்க போகும்போது 10 பவுன் எதுக்கு? அடகு கடையில் இருப்பதை மீட்டு வேறு போட்டுக்கொண்டு போகிறார்கள்.

செல்போனில் நம்ம சிம்மை கழற்றாதீர்கள். வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். ரோமிங் வசதியை இங்கேயே ஆன் செய்துவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் ஆப் செய்யுங்கள். மறந்தால் பில் ஆயிரக்கணக்கில் எகிறும். ஊரில் இருந்து வரும் போனை எடுத்தாலும் காசு போகும். இன்டர்நெட்டுக்கு அந்த ஊர் சுற்றுலா சிம் வாங்கி வாட்ஸ்அப்பில் பேசுங்கள்.

ஓசி டிக்கெட்டா? ஓடிப்போயிடுங்க!

இதுவரை சொன்னதில் எல்லாம் போனால் பணம்தான் போகும். இனி சொல்வதில் ஆளே போய்விடுவார்.

"டிக்கெட் நான் போடுறேன், தங்குறதும் நான் பார்த்துக்கிறேன். வரும்போது ஒரே ஒரு பார்சல் மட்டும் கொண்டு வந்து கொடு." இப்படி யாராவது சொன்னால் அவர் உங்களை குருவி ஆக்க பார்க்கிறார் என்று அர்த்தம். திருச்சி, சென்னை விமான நிலையங்களில் தங்கத்தோடு பிடிபட்ட பயணிகள் என்று நாம் படிக்கிற செய்திகளில் பாதிப்பேர் இந்த ரகம்தான். பேஸ்ட் ஆக்கிய தங்கம், மிக்சிக்குள் தங்கம், பெல்ட்டுக்குள் தங்கம். சுங்கத்துறை பிடித்ததும் தங்கம் பறிமுதல், ஆள் கைது. மதிப்பை பொறுத்து 7 ஆண்டு வரை சிறை. டிக்கெட் போட்ட ஆசாமி போனை ஆப் செய்துவிட்டு கம்பி நீட்டி விடுவான். தப்பி வெளியே வந்தாலும் பிரச்சினைதான். "தங்கம் எங்கே?" என்று குருவியையே கடத்தி அடித்த சம்பவங்களும் நடந்து இருக்கின்றன.

ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கி இருந்தவர்களுக்குத்தான் தங்க நகையில் வரி சலுகை. ஒரு வாரம் டூர் போய் வந்தவர் புது செயினை கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் வரி கட்டணும். "இவ்வளவு வரை பிரீதான்" என்று ஏஜெண்டு சொல்வதை நம்பாதீர்கள்.

போகும்போது கொடுக்கிற பார்சல் இன்னும் மோசம். "எங்க மாமா அங்க இருக்கார், ஊறுகாய் பாட்டில்தான், கொடுத்துடுங்க" என்று ஏர்போர்ட் வாசலில் யாராவது நீட்டுவார்கள். உள்ளே போதைப்பொருள் இருந்தால் மலேசிய சட்டம் யார் கொடுத்தது என்று பார்க்காது, யார் கையில் இருந்தது என்றுதான் பார்க்கும். "எனக்கு தெரியாது" என்பதை நீங்கள்தான் நிரூபிக்கணும். போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே கட்டாய மரண தண்டனை என்பது 2023 ஜூலையில் நீக்கப்பட்டது. ஆனால் மரண தண்டனையே போய் விடவில்லை. நீதிபதி நினைத்தால் இப்போதும் விதிக்கலாம். அதில் தப்பினால் ஆயுள் சிறை, பிரம்படி. சொந்தக்காரர் கொடுத்தாலும் கண் முன்னால் பிரித்து பார்த்து நீங்களே பெட்டியில் வையுங்கள். தெரியாதவர் என்றால் கை கூட நீட்டாதீர்கள்.

சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டோடு கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, சில இருமல் டானிக் எல்லாம் சோதனையில் கேள்வி கேட்கும் சரக்கு.

டூர்ல போய் வேலையா?

"டூரிஸ்டா போ, அங்க போனதும் பர்மிட் போட்டு தாரேன்." இது பழைய அல்வா. ஆனாலும் இன்றைக்கும் விலை போகிறது. சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது மலேசியாவில் குற்றம். 30 நாள் தாண்டி தங்கி பிடிபட்டால் 10 ஆயிரம் ரிங்கிட் அபராதம், 5 ஆண்டு வரை ஜெயில் என்று சட்டம் சொல்கிறது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டால் அப்புறம் அவர் சொன்னதுதான் சம்பளம்.

தாய்லாந்து வழியாக நடக்கும் கதை இதை விட பயங்கரம். கம்ப்யூட்டர் வேலை என்று பாங்காக்குக்கு வரவழைத்து, மேசாட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடிக்கு கடத்தி, ஆன்லைன் மோசடி கும்பலிடம் அடைத்து விடுகிறார்கள். 2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் அங்கிருந்து மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச் மாதம் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். அவர்களில் பலரும் நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பி போனவர்கள்தான்.

வேலைக்கு போவது என்றால் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டு மூலம் வேலை விசாவில் போகணும். அந்த ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம், 2 லட்சம் கேட்டால் அப்போதே எழுந்து வந்து விடுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால்...

பதற வேண்டாம். பக்கத்து போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து அந்த நகலை வாங்குங்கள். அவசரம் என்றால் மலேசியா முழுக்க 999. புகார் நகலோடு கோலாலம்பூரில் மொண்ட் கியாரா பகுதியில் இருக்கும் இந்திய தூதரகத்துக்கு போகணும். ஊர் திரும்ப மட்டும் செல்லுபடி ஆகும் அவசர சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு உடனே விமானம் ஏற முடியாது. மலேசிய குடிநுழைவு துறையிடம் வெளியேறும் அனுமதி வாங்கணும். அங்கே கட்டணமும் உண்டு, அலைச்சலும் உண்டு. 2, 3 நாள் தாமதம் ஆகும் என்று மனதில் வைத்து ரூமை நீட்டித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் நகல், முத்திரை குத்திய பக்கத்தின் போட்டோ, 2 பாஸ்போர்ட் சைஸ் படம். இந்த மூன்றும் தனியாக ஒரு கவரில் இருந்தால் அலைச்சல் பாதியாக குறையும். அதே போட்டோவை வீட்டில் இருப்பவர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பி வையுங்கள்.

போலீஸ் என்று சொல்லி தெருவில் யாராவது பர்சை காட்டச்சொன்னால் கொடுக்காதீர்கள். "ஸ்டேஷனுக்கு வர்றேன், அங்க காட்டுறேன்" என்று சொல்லுங்கள். டுபாக்கூர் என்றால் அதோடு நழுவி விடுவான்.

பயண காப்பீடு சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தாலே வெளிநாட்டவருக்கு போடும் பில் டிக்கெட் விலையை தாண்டி விடும். இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்றுதான் நாமும் சொல்வோம்.

திரும்பும்போது

இ-சிகரெட்டை தம்பிக்கு, மச்சானுக்கு என்று வாங்கி வராதீர்கள். இந்தியாவில் 2019-ல் இருந்து தடை. பறிமுதல் செய்து வழக்கும் போடலாம்.

செலவானது போக மீதி இருக்கும் ரிங்கிட் நோட்டை இங்கே வந்து 180 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் கடையில் பழைய பில்லை காட்ட சொல்வார்கள் என்பதால் அதை தூக்கி எறிய வேண்டாம். சில்லறை காசை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு கிளம்பும் முன் அதையெல்லாம் பொறுக்கி எடுத்து மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்து விடுங்கள். உள்ளே போய்விட்டால் அதே டீ 4 மடங்கு விலை.